தூக்கிப் பார்த்து வாங்கிய மிஷின்

என் கணவர் வீட்டாரைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் அதிகம் இல்லை. அதனால் அவர்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். என் கணவர் சைகோன் துறைமுகத்தில் சுங்க ஆபீஸ் எழுத்தர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து எட்டே நாளில் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரைக்காலிலிருந்து அவருடைய தம்பி கடிதம் போட்டார். "அண்ணி, அங்கே தனியாக இருக்க வேண்டாம், புறப்பட்டு வந்துவிடுங்கள். சமையலுக்கு இருந்த ஆளையும் நிறுத்திவிட்டோம்." இரண்டாவது வரியைப் படித்த பிறகு முதல் வரியை நம்ப நான் முட்டாள் இல்லை.

பிரெஞ்சு சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு தாள் அனுப்பியது. உத்தியோகஸ்தரின் விதவை ஊர் திரும்பினால் கப்பல் செலவு அவர்களுடையது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன் புறப்படும் கடைசிக் கப்பலோடு அந்தச் சலுகை தீர்ந்துவிடும். நல்ல கெட்டித் தாள். அட்டை மாதிரி இருந்தது, கீழே முத்திரை. அதை அலமாரியில் வைத்துவிட்டு, தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். போனால் சாகும்வரை கொழுந்தன் வீட்டு அடுப்படி. இருந்தால் என் சோற்றுக்கு நானே வழி பார்க்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. தெரிந்த ஒரே வேலை தையல், அதுவும் கைத்தையல்.

அந்தச் சமயத்தில்தான் கன்னியர் மடத்தில் போர்வைத் தையல் வகுப்பு ஆரம்பித்தார்கள். சைகோனில் எவனுக்குப் போர்வை வேண்டும் என்று கேட்காதவர்கள் கிடையாது. போர்வை சைகோனுக்கு இல்லை. தாலாத் மலையில் பிரெஞ்சுக்காரர்கள் வீடுகளும் ஹோட்டல்களும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே குளிர். மடத்துக்கு ஆர்டர் வந்து குவிந்தது, தைக்க ஆள் இல்லை. அதனால் வெளிப் பெண்களைச் சேர்த்தார்கள். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். மூன்று மாத முடிவில் ஒரு முழுப் போர்வை காட்ட வேண்டும். அது தேறினால் மடத்தின் ஆர்டரில் நிரந்தரமாகப் பங்கு. தேறாவிட்டால் போர்வையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எனக்கு வீட்டுக்கு என்றால் கப்பலுக்கு.

மேலே துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்த ஒரு தட்டு, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஓட்டும் தையல். இதுதான் அந்தப் போர்வை. ஆறு நீளப் பட்டைகளாகத் தைத்துக் கடைசியில் ஒன்றாக இணைப்பார்கள். கையால் தைத்தால் வருஷம் ஆகும். மிஷின் வேண்டும். அதையும் அவரவர் கொண்டு வர வேண்டும். வகுப்பு நடந்த மாடி அறை மற்ற நாட்களில் அநாதைப் பிள்ளைகள் சாப்பிடும் இடம். அதனால் மிஷினை அங்கே விட்டு வர முடியாது. கொண்டுபோய், மாடி ஏற்றி, தைத்து, இறக்கி, வீட்டுக்கு எடுத்து வர வேண்டும். என் வீடு பென் தான் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். மடத்துக்கு அரை மணி நடை. வாரம் நாலு தடவை வண்டி வைக்க எனக்கு வக்கில்லை.

ஆக, மிஷின் விலை குறைவாக இருக்க வேண்டும், கனமும் குறைவாக இருக்க வேண்டும்.

இங்கே எங்கள் ஜனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த மடத்தனம் புரியாது. என் மாமனார் காலத்தில் காரைக்காலில் சிலர் சர்க்கார் தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டு, பழைய குடும்பப் பேரை விட்டு, பிரெஞ்சுப் பேர் ஒன்றை வைத்துக்கொண்டு, சட்டப்படி பிரெஞ்சுக்காரர்கள் ஆனார்கள். அந்தக் கையெழுத்தின் பலத்தில்தான் சைகோனில் உத்தியோகம். ஆண்களுக்குக் கோட்டு. பெண்களுக்குக் கவுனும் தொப்பியும். கவுன் போட்ட பெண் தெருவில் நின்று தின்னக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, தலையில் சுமக்கவே கூடாது. கையில் எதை வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். தலை தொப்பிக்கு.

என் அம்மா காரைக்காலில் உப்பு மூட்டை சுமந்தவள். நானும் பன்னிரண்டு வயதுவரை தண்ணீர்க் குடம் சுமந்தவள்தான். கல்யாணமாகி சைகோன் வந்த பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் போனது பாய் கடைக்கு. பள்ளிவாசல் தெருவில், இப்போது டோங் டு என்கிறார்கள், காரைக்கால்காரர் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். என் கணவர் சட்டைத் துணி வாங்கியதெல்லாம் அங்கேதான். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"வாங்கம்மா. கருப்புத் துணியா?" என்றார்.

"கருப்பு போதும். தையல் மிஷின் ஒண்ணு வேணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல. எங்க கெடைக்கும்?"

"என்னாத்துக்கு?"

சொன்னேன்.

"பஞ்சுப் போர்வையா! இந்த வேக்காட்டுலயா?" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் கைலிக் கட்டுகளை நகர்த்தி, மர மூடி போட்ட ஒரு பழைய கைமிஷினை எடுத்து வந்தார். "கைலி மூட்டிக்கிட்டிருந்த மிஷின். இப்ப கால்மிஷின் வந்துருச்சு. இது சும்மாத்தான் கெடக்குது. நீங்க பாத்து என்னா குடுக்குறீங்களோ குடுங்க." கைலியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து உருளையாக்குவதைத்தான் மூட்டுவது என்பார்கள்.

கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். தோள் இறங்கிவிட்டது. கடை உள்ளிருந்து வாசல்வரை வருவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்தேன். முழுக்க வார்ப்பிரும்பு.

"கையில தூக்குனா கனந்தாம்மா. தலையில வச்சா பூ மாதிரி போயிரும்" என்றார் பாய்.

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. என் அம்மாவின் உப்பு மூட்டையை நடுக்கடையில் அவிழ்த்துக் கொட்டியது மாதிரி இருந்தது.

"யாரப் பாத்து என்ன பேசறீங்க? நான் என்ன மார்க்கெட் கூலியா?"

"அப்படிச் சொல்லலம்மா, நான்..."

"கனமில்லாத மிஷின் எங்கயாவது இருக்கும். நானே பாத்துக்கறேன்."

"தூக்கிப் பாத்து வாங்குறதுக்கு அது கோழியாம்மா?" என்றார் அவரும் விடாமல். "தைச்சுப் பாத்து வாங்குங்க."

அந்த ஒரு வார்த்தையைக் காதில் போட்டிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சம். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்துவிட்டேன்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் மிஷின் ரிப்பேர் செய்யும் சீனன் ஒருவன் இருந்தான். அவன் கடையில் பழைய கைமிஷின்கள் ஆறு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மிஷின் பாய் மிஷினுக்கு அண்ணன் தம்பி. ஆறாவது சின்னது. கருப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூக்கள். மேஜை விளிம்பில் திருகி மாட்டிக்கொள்ளலாம். ஒரு கையில் தூக்கினேன், வந்துவிட்டது. மூன்று கிலோ அரிசிகூட இதைவிடக் கனமாக இருக்கும்.

"இது எப்படித் தைக்கும்?" என்று கேட்டேன்.

ஒரு துண்டுத் துணியில் தைத்துக் காட்டினான். மேலே நேர்க்கோடு. அடியில் சங்கிலி சங்கிலியாகப் பார்க்க அழகாகவே இருந்தது. கீழ் நூல் சுற்றும் பாபின் கிடையாது, அதை மாட்டும் தொல்லை இல்லை, ஒரே நூல்தான். "சின்னப் பிள்ளைங்க பழகறதுக்கு நல்லது மதாம். பூ வேலைக்கும் நல்லது" என்றான். அவன் ஏமாற்றவில்லை, உள்ளதைச் சொன்னான். எனக்குக் கனமில்லை என்பது மட்டும் கேட்டது. விலை பாய் மிஷினுக்குக் கொடுத்திருக்கக் கூடியதைப் போல ஒன்றரைப் பங்கு. என் கணவரின் கைக்கடிகாரத்தை விற்று அதை வாங்கினேன்.

செவ்வாய்க்கிழமை அதைப் பெட்டியில் வைத்து, ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் குடையுமாக மடத்துக்கு நடந்தேன். வழியில் வரி ஆபீஸ் மதாம் எதிரே வந்தார். என் கணவருடைய சிநேகிதரின் மனைவி. எங்கள் கவுன்காரிகளுக்கெல்லாம் அவர்தான் தலைவி மாதிரி.

"என்ன மதாம், புதுத் தொப்பியா?" என்றார் பெட்டியைப் பார்த்து.

"ஆமா" என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

வகுப்பில் பதினான்கு பெண்கள். என்னைத் தவிர எல்லோரும் வியட்நாமியர்கள். சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீயும் வியட்நாமியப் பெண்தான், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மெல்லிய குரலில் பிரெஞ்சு பேசுவார். எங்கள் பேச்சு வழக்கில் அவரை மாசேர் என்போம். அவர் என் மிஷினைக் குனிந்து, அடியில் பார்த்து, நிமிர்ந்தார்.

"கீழ் நூல் எங்க மதாம்?"

"கீழ் நூல் கெடையாது மாசேர். ஒத்தை நூல்லயே தைக்கும். நூல் மிச்சம்."

"ஆனா, இது..."

"நல்லாத்தான் தைக்குது. நீங்க மத்தவங்களப் பாருங்க."

அவர் அடுத்த மேஜைக்குப் போனார். எனக்கு வயது அதிகம், கவுன் போட்டிருந்தேன், தாளில் பிரெஞ்சுக்காரி. அவர் அந்த ஊர்க்காரர். அந்தக் காலத்தில் இதற்கெல்லாம் எடை இருந்தது. அந்த எடையை நான் அந்தப் பெண்ணின் மேல் தூக்கி வைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

துண்டுத் துணிக்கு என் கணவரின் சட்டைகளை வெட்டினேன். ஒன்பது சட்டை. கோடு போட்டது, வெள்ளை, ஒரு நீலம். பாய் கடையில் வாங்கியவைதான் எல்லாம். நான்கு வாரம் உட்கார்ந்து சதுரங்களை இணைத்து ஆறு பட்டைகளின் மேல்தட்டையும் முடித்துவிட்டேன். வகுப்பில் வேறு யாரும் மூன்றைத் தாண்டவில்லை. கனமில்லாத மிஷின் வேகமாக ஓடியது. பாயிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் வாரம் செவ்வாய்க்கிழமை. ஒரு பட்டையின் ஓரத்தில் நூல் முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கைத்தையல்காரியின் பழக்கம், பல்லால் கடித்து எடுக்கலாம் என்று முனையைப் பிடித்து இழுத்தேன். டர்ர்ர் என்று சத்தம். கையில் நீளமாக நூல் வந்தது. சதுரங்கள் மடியில் உதிர்ந்தன. ஒரு வரிசை முழுக்க, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, முடிச்சுக்கூட இல்லாமல் பிரிந்துவிட்டது.

பக்கத்து மேஜைக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள். இன்னொரு பட்டையில் நீட்டிய முனையைத் தொட்டு, இப்படியா என்று கேட்கிற மாதிரி இழுத்தாள். அதுவும் டர்ர்ர். ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்கறதுக்கு இங்க என்ன கூத்தா நடக்குது?" என்று தமிழில் கத்தினேன். ஒருத்திக்கும் புரியவில்லை. ஆனால் சிரிப்பு நின்றது.

மாசேர் வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். துண்டுகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"மொத நாளே சொல்ல வந்தேன் மதாம். நீங்க பேச விடல."

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது?"

"இப்பவும் சொல்றேன். ரெண்டு நூல் மிஷின் கொண்டு வாங்க. துணிக்கு ஒண்ணும் ஆகல. பிரிஞ்சது தையல்தான். இன்னும் எட்டு வாரம் இருக்கு." அதே மெல்லிய குரலில், "இடம் கேட்டு வெளிய ஆள் காத்திருக்கு. வெள்ளிக்கிழமை நீங்க மிஷினோட வரலேன்னா இந்த மேஜைய அவங்களுக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அன்று என்னைத் துரத்திவிட முழு நியாயமும் இருந்தது. மூன்று நாள் கொடுத்தார்.

சாயங்காலம் சந்துக் குழாயடியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு துணியை அலசினேன். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணங்கள் கழுவிக்கொண்டிருந்தாள். காவடி மாதிரி தோளில் மூங்கில் வைத்து, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, தெருத்தெருவாக நூடுல் சூப் விற்பவள். என்னைவிடச் சின்னவள். அவள் ஊர் வழக்கப்படி என்னை "சி" என்பாள், அக்கா என்று அர்த்தம். என்ன ஆயிற்று என்று கேட்டாள். யாரிடமாவது கொட்ட வேண்டும்போல இருந்தது. பாய் கடையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சோய் ஒய்!" என்றாள். கடவுளே என்கிற மாதிரி அவர்கள் சொல்வது. "மிஷின் பாய் கடையில இருக்கு. நீ இங்க இருக்க. அப்புறம் என்ன அழுகை?"

"யாரு அழறா? கனம், அதச் சொல்றேன்."

அவள் தன் கூடைகளைக் காட்டினாள். ஒன்றில் கரி அடுப்பும் சூப் பானையும். இன்னொன்றில் கிண்ணங்கள், நூடுல், தண்ணீர் வாளி. "இதைவிடவா?"

"நீ தோள்ல தூக்குவ. எங்க பக்கம் தலையில தூக்கணும்."

"தூக்கு."

"கவுன் போட்டவங்க தூக்க மாட்டாங்க."

"அந்தக் கவுன்காரிங்க உன்னைக் கப்பல் ஏத்திவிட வருவாங்க, சி. கைக்குட்டைய ஆட்டுவாங்க. திரும்பிப் போய் சாப்பிடுவாங்க. வேற என்ன செய்வாங்க?" பிறகு நிஜமாகவே சந்தேகம் வந்த மாதிரி, "அது சரி, தலையில வச்சா வழியில விழுந்துடாதா?" என்றாள்.

"எனக்கா?" என்றேன். கோபம் வந்துவிட்டது. "பன்னெண்டு வயசுல ரெண்டு குடத்த அடுக்கித் தூக்குனவ நான்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. சைகோன் வந்து பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

"அப்ப காட்டு" என்று அவள் காலிச் சூப் பானையில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். அலசிய துணியைச் சுற்றிச் சும்மாடாக்கி, பானையைத் தலையில் வைத்து, குழாயடியிலிருந்து அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கையை விட்டுவிட்டு. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் ஈரக் கையால் கை தட்டினாள். கழுத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை பாய் கடை வாசலில் நின்றேன். மன்னிப்புக் கேட்கிற வித்தை எனக்குக் கைவந்ததே இல்லை. அன்றும் வரவில்லை.

"அந்த மிஷின் இருக்கா?"

"இருக்குதும்மா." உள்ளே போய்த் துணியை விலக்கினார். மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தது, புது ஊசி மாட்டியிருந்தது.

"வித்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. குடுக்கல."

"ஏன்?"

"நீங்க வருவீங்கன்னு தெரியும்" என்றார். "நான் மொதல்ல வாங்குனதும் அந்த ஒத்தை நூல் மிஷின்தாம்மா. தூக்க சுளுவா இருக்குதேன்னு. மொதக் கைலிய மூட்டி எங்க மச்சானுக்குக் குடுத்தேன். நட்ட நடுக் கடைத்தெருவுல வச்சு பிரிஞ்சுருச்சு. இன்னமும் மனுசன் என்கூடப் பேசறதில்ல."

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

"என்கிட்ட இப்ப காசு இல்ல" என்றேன்.

"காசு யாரு கேட்டா? நூறு கைலி மூட்டிக் குடுங்க. அவசரமில்ல, மொதல்ல போர்வைய முடிங்க." மாதிரித் துணிக் கட்டு ஒன்றையும் எடுத்து வைத்தார். கம்பெனிகள் அனுப்பும் கைக்குட்டை அளவுத் துண்டுகள். "இதும் கெடக்குது, எடுத்துக்குங்க."

மிஷினை எப்படி எடுத்துப் போவேன் என்று அவர் கேட்கவில்லை. தலை என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. புதுத் துண்டு ஒன்றை மட்டும் மடிப்புக் கலையாமல் மிஷின் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு எனக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, அடுக்கி இருந்த துணியையே மறுபடி அடுக்க ஆரம்பித்தார். நான் தொப்பியைக் கழற்றி, துண்டைச் சும்மாடாகச் சுற்றி, மிஷினை மேஜை உயரத்திலிருந்து தலைக்கு மாற்றும்வரை அவர் திரும்பவே இல்லை. எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கொடுத்திருக்கிறார்கள். அந்த முதுகைப் போல ஒன்றை யாரும் கொடுக்கவில்லை.

அவர் சொன்னது சரி. பூ மாதிரி என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் போய்விட்டது.

மார்க்கெட் முனையில் தமிழ்ப் பால்காரன் ஒருவன் என்னைப் பார்த்து நின்றுவிட்டான். "யக்கா! தொப்பிய கையிலயும் பொட்டிய தலையிலயும் வச்சிருக்கீங்க. மாத்தி வச்சுட்டீங்களா?"

"பால்ல தண்ணி ஊத்தறவனுக்கு என் தலையப் பத்தி என்னடா கவலை?"

அவன் பெரிதாகச் சிரித்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று எனக்கு முன்னால் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டே சந்துவரை வந்தான்.

வெள்ளிக்கிழமை மடத்துக்குப் போகும்போது ரொட்டிக்கடை வாசலில் வரி ஆபீஸ் மதாம் நின்றிருந்தார். நான் தாண்டிய பிறகுதான் குரல் வந்தது.

"கடவுளே! இதுக்கா நம்ம ஜனம் பேர மாத்திக்கிட்டு கடல் தாண்டி வந்துச்சு? மானத்த வாங்கறீங்களே மதாம்!"

தலையில் பாரம் இருக்கும்போது சட்டென்று திரும்ப முடியாது. நேரே பார்த்தபடியே பதில் சொன்னேன். "தலையில பாரம் இருக்கு மதாம், திரும்ப முடியல. சொல்றத முன்னால வந்து சொல்லுங்க."

அவர் முன்னால் வரவில்லை. அதற்கப்புறம் மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போதும் என்னைப் பார்க்காத மாதிரிப் போனார். அதற்கும் நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு நின்று பேசும் ஒரு மணி நேரம் எனக்கு மிச்சமானது.

மடத்து மாடிப்படி குறுகல், மேலே தாழ்ந்த விட்டம். அடியில் நின்று எப்படி இறக்குவது என்று யோசித்தபோது மாசேர் தன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி இறங்கி வந்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். மேலே கொண்டுபோய் என் மேஜையில் வைத்தோம். மூச்சு வாங்கிக்கொண்டு, "கீழ் நூல் இருக்கா மதாம்?" என்றார்.

"இருக்கு மாசேர்." மர மூடியைக் கழற்றிக்கொண்டே, "அன்னைக்கு உங்களப் பேச விட்டிருக்கணும்" என்றும் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவர் பாபினை எடுத்து நூல் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

பிரிந்ததையும் பிரியாததையும் மொத்தமாகப் பிரித்து, மறுபடி ஒவ்வொரு சதுரமாகத் தைத்தேன். பிரிக்கும்போது கிழிந்த இடங்களுக்குப் பாய் கொடுத்த மாதிரித் துணி. நவம்பர் முடியும்போது மேல்தட்டுகள் தயார். ஆனால் எனக்கு நேரம் இல்லை. மூன்று அடுக்கையும் மிஷினில் ஓட்டுவதற்கு முன், அவை நழுவாமல் இருக்க நீள நீளமாகக் கையால் இழையோட்ட வேண்டும். ஓட்டி முடித்ததும் அந்த இழைகளை வெட்டி வெட்டி எடுக்க வேண்டும். ஒரு போர்வைக்கு அந்த வேலையே பத்து நாள் தின்னும். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

மாசேர் என் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "அந்தப் பழைய சின்ன மிஷினை வித்துட்டீங்களா?"

"யாரு வாங்குவா அந்தச் சனியன?"

"கொண்டு வாங்க."

கொண்டு போனேன். அவர் தையலை மிக நீளமாக வைத்து, பட்டையின் மூன்று அடுக்கையும் சேர்த்து அதில் ஓட்டினார். ஒரு பட்டைக்குக் கால் மணிகூட ஆகவில்லை. பிறகு அதன்மேல் என் கனமான மிஷினில் நிஜத் தையலை ஓட்டினேன். முடிந்ததும் அவர் முனையைப் பிடித்து இழுத்தார். டர்ர்ர். இழை முழுக்க ஒரே இழுப்பில் கையோடு வந்தது. பட்டை சிக்கென்று நின்றது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பதின்மூன்று பேரும் தங்கள் பட்டைகளை எடுத்துக்கொண்டு என் மேஜை முன்னால் வரிசையில் நின்றார்கள். முன்பு இழுத்துப் பார்த்த பக்கத்து மேஜைக்காரிதான் முதல் ஆள். வகுப்பு முடிந்ததும் அந்தச் சின்ன மிஷினை மடத்துக்கே கொடுத்துவிட்டேன். கனமில்லாததால் பிள்ளைகள் சாப்பிடும் நாளில் அலமாரி மேல் தட்டில் தூக்கி வைத்துவிடுவார்கள்.

என் போர்வை தேறியது. பெரிய மாசேர் ஒருவர் வந்து எல்லா ஓரத்தையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட வரவில்லை. தாலாத்தில் ஒரு டாக்டர் வீட்டுக்கு நாலு போர்வை என்று முதல் ஆர்டரைக் கையில் கொடுத்தார்கள்.

சதுரங்களை ஒரே அளவில் வெட்ட அட்டை அச்சு வேண்டும். வீட்டில் தேடினேன். அலமாரியில் சர்க்கார் தாள் இருந்தது. முத்திரை இருந்த மூலையை ஒதுக்கிவிட்டு, நடுவில் நல்ல சதுரம் ஒன்று வெட்டினேன். அருமையான தாள். பல வருஷம் உழைத்தது, மூலை மழுங்கவே இல்லை. சர்க்காருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கப்பல் புறப்பட்ட அன்று ஊதல் சத்தம் எங்கள் சந்துவரை கேட்டது. நான் பாயின் முப்பத்தோராவது கைலியை மூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் சூப்பை என் வாசலில் வைத்து, "உன் கப்பல் போகுது, சி. கைக்குட்டைய ஆட்டலையா?" என்றாள். ஆறுவதற்குள் குடித்தேன். கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, கொழுந்தனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் வரவில்லை என்றும், நிறுத்திய சமையல் ஆளை மறுபடி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன்.